எடைக்குப் போன லாரிகள்

கழுதுருட்டியில் நிற்கிற பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கொல்லம் போகும் ரயில் பாதைக்காக, நூற்றிருபது வருஷத்துக்கு முன் கருங்கல்லில் கட்டியது. 2010-இல் அந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையாக்கி 2018-இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பழைய ரயிலைப் பற்றி எத்தனை கட்டுரை, எத்தனை படம், எத்தனை வீடியோ! எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் அந்தப் பாலத்தை ஒட்டியே ஒரு சாலையும் போகிறது. படம் எடுக்கிறவர்கள் அந்தச் சாலையில் நின்றுகொண்டுதான் பாலத்தைப் பிடிக்கிறார்கள். மிளகாய் வத்தலும் பருப்பும் தீப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் வருஷக்கணக்காக மலையேறின லாரிகளில் ஒன்றுக்காவது ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "லாரிக்கு எதுக்குங்க படம்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. ரயிலுக்குப் பெரம்பூரில் அருங்காட்சியகம் இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பழைய கார்களைப் பளபளவென்று துடைத்துக் கோயம்புத்தூரில் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். மாட்டு வண்டியைக்கூட நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் வாசலில் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். ஊருக்கே அரிசி பருப்பு கொண்டுவந்து போட்ட லாரிக்கு எங்கேயும் இடமில்லை.

என் அப்பா விருதுநகரில் ஒரு லாரி கம்பெனியில் புக்கிங் கிளார்க்காக இருந்தார். மூன்று பங்காளிகள் சேர்ந்து நடத்திய கம்பெனி. பெயரை எழுதப் போவதில்லை. வாரிசுகள் ஊரில்தான் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற குறையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் இருந்ததில்லை, 'கம்பெனி' என்றால் அதுதான். விருதுநகரில் தலைமை ஆபீஸ். சிவகாசி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று ஒரே நேர்க்கோட்டில் கிளைகள். வடக்கே மதுரையைத் தாண்டி வண்டி போனது அபூர்வம். அறுபதுகளில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள்.

மூடினதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. தொழில் என்றால் ஏறும், இறங்கும். ஒரு துரும்புகூட மிச்சம் வைக்காமல் துடைத்துப் போட்டதுதான் தாங்கவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் என் ஆதங்கம் புரியும். காலை பத்து மணிக்கு மேல் தெப்பக்குளத்தைச் சுற்றியிருக்கிற கடைகளிலிருந்து கைவண்டிகள் லாரி செட்டுக்கு வர ஆரம்பிக்கும். வத்தல் மூட்டை இறங்கினால் செட்டு முழுவதும் தும்மல். மல்லி மூட்டைக்கு ஒரு வாசனை, உளுந்து மூட்டைக்கு ஒரு தூசி. எண்ணெய் டின்களைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள், ஒழுகினால் பக்கத்து மூட்டையும் போய்விடும். ஒவ்வொரு மூட்டையிலும் கடை மார்க் மையால் எழுதியிருக்கும். எழுத்துத் தெரியாத லோடுமேன்கள்கூட மார்க்கைப் பார்த்ததும் எந்த ஊர் அடுக்கில் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் இறங்கவேண்டிய கொல்லத்து மூட்டை உள்ளே, முதலில் இறங்கவேண்டிய தென்காசி மூட்டை கதவோரம். இதை மாற்றி அடுக்கினால் நடு ராத்திரியில் பாதி லாரியைக் காலி செய்து மறுபடி ஏற்றவேண்டி வரும். லோடு அடுக்குவது பெரிய வித்தை. எடை முன்னால் கூடினால் ஸ்டியரிங் கனக்கும், பின்னால் கூடினால் ஏற்றத்தில் முன்பக்கம் லேசாகிவிடும். அதைச் செய்தவர்கள் யாரும் படித்தவர்கள் இல்லை.

அப்பா மேஜையில் உட்கார்ந்து லாரி ரசீது போடுவார். நாங்கள் எல்.ஆர். என்போம். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எத்தனை உருப்படி, என்ன மார்க், என்ன எடை, வாடகை இங்கேயே கட்டியாயிற்றா, அங்கே வசூலிக்க வேண்டிய 'டூ பே'யா என்று எல்லாம் அதில் இருக்கும். நடுவில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதவேண்டும். அனுப்புகிறவருக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டியோடு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. வியாபாரி பல நேரம் அந்த ரசீதைப் பேங்கில் கொடுத்துவிடுவார். கொல்லத்துக்காரர் பேங்கில் பணத்தைக் கட்டினால்தான் ரசீது அவர் கைக்கு வரும், ரசீதைக் காட்டினால்தான் குடோனில் சரக்கைத் தருவார்கள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்திராத இரண்டு வியாபாரிகள் அந்த மெல்லிய தாளை நம்பித்தான் வியாபாரம் செய்தார்கள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். சரக்கு தொலைந்தால் யார் பொறுப்பு என்பதற்கு அப்போது 1865-ஆம் வருஷத்துச் சட்டம்தான். 2007-இல் போட்ட புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அதையேதான் வைத்திருந்தார்கள்.

இப்படி வருஷக்கணக்காகப் போட்ட ரசீதுகளின் ஆபீஸ் பிரதிகள் கட்டுக் கட்டாகப் பரணில் இருந்தன. எந்த வருஷம் விருதுநகரிலிருந்து எவ்வளவு வத்தல் மலை தாண்டிப் போனது, எந்தக் கடை எப்போது எழுந்தது, எப்போது படுத்தது, ராஜபாளையம் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி எந்த எந்த ஊருக்குப் போனது, புளியங்குடி எலுமிச்சை எந்த மாதத்தில் விலை போனது என்று ஒரு வட்டாரத்தின் வியாபார சரித்திரமே அதில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் இதைத் தேடித்தான் அலைகிறார்கள். கம்பெனியை மூடிய வருஷம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டார்கள். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்ன என்று அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றார்.

லாரிகளும் எடைக்குத்தான் போயின. கம்பெனியில் இரண்டு வகை வண்டி இருந்தது, பென்ஸும் லேலண்டும். ஜெர்மனி டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாட்டா 1954-இல் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்து, முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய்விட்டது. ஆனாலும் எங்கள் டிரைவர்கள் கடைசிவரை 'பென்ஸு வண்டி' என்றே சொன்னார்கள். லேலண்ட் எண்ணூரிலிருந்து வந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி. அதன் காமெட் வண்டியின் இஞ்சின் சத்தத்தைத் தெரு முனையிலிருந்தே எங்கள் வீட்டில் கண்டுபிடித்துவிடுவோம்.

இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அப்போது லாரி முழுதாக வராது. இஞ்சின், பானட், சேஸிஸ், சக்கரம், இவ்வளவுதான் தொழிற்சாலையிலிருந்து வரும். கேபின் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. ஜாம்ஷெட்பூரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவர் பலகை மாதிரி ஒன்றில் உட்கார்ந்து, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் பாதி இந்தியாவைக் கடந்து வருவார். இங்கே வந்த பிறகுதான் பாடி கட்டுவார்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் அதில் பேர் வாங்கிய ஊர்கள். தச்சர் மரத்தை இழைத்துக் கேபின் செய்வார், கொல்லர் பட்டை அடிப்பார், பெயிண்டர் பெயர் எழுதுவார். நெற்றிப் பலகையில் 'பப்ளிக் கேரியர்' என்று இருக்கும், 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் வாடகைக்குச் சரக்கேற்றும் வண்டிக்கு அதுதான் பெர்மிட்டின் பெயர். பலகைக்கு மேலே முதலாளியின் குலதெய்வம். ஒரு வண்டி கேபின் மாதிரி இன்னொரு வண்டி கேபின் இருக்காது. டிரைவரின் உயரத்துக்குத் தகுந்தபடி சீட்டுக்கு மேலே சாமி படத்துக்கு மாடம் வைத்துக் கொடுத்த தச்சர்கள் உண்டு. அதற்கெல்லாம் வரைபடம் கிடையாது. தச்சரின் கையில் இருந்தது, அவரோடு போய்விட்டது. வண்டியை வைத்திருந்தால் அதைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம். பழைய இரும்புக் கடைக்காரர்கள் மரத்தைப் பிய்த்து விறகுக்குத் தனியாகவும் இரும்பைத் தனியாகவும் விற்றார்கள்.

புளியங்குடிப் பக்கம் கம்பெனியின் பழைய டிரைவர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கிவிட்டது, பேச்சு மங்கவில்லை. அவரைப் பார்க்கப் போனால் செங்கோட்டை தாண்டிப் புளியரையில் ஆரம்பித்துவிடுவார். எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று ஒவ்வொரு திருப்பமும் அவர் கையசைவில் வரும்.

"எறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கிட்டே வரக்கூடாது தம்பி. ட்ரம்மு சூடாயிரும், கீழ வந்து சேரும்போது பிரேக்கே இருக்காது. எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கணும். எனக்குக் கத்துக் குடுத்தவரு சொன்னது அவ்வளவுதான். அதை மீறுனவன் வண்டியெல்லாம் பள்ளத்துல கெடந்ததைப் பாத்திருக்கேன்."

கோட்டைவாசலில் கருப்பசாமி கோவில் இருக்கிறது. மலையேறுகிற எந்த லாரியும் அங்கே நிற்காமல் போகாது. தேங்காயோ சூடமோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கும்பிடோ வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அதைத் தாண்டினால் கேரளா. செக்போஸ்டில் ராத்திரி முழுக்க வரிசை. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குவார், கிளீனர் கீழே தார்ப்பாயை விரித்துப் படுப்பான்.

அந்தக் கிளீனர் பையன்களை நினைத்தால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன், அப்பன் இல்லாதவன், சித்தி அடித்து விரட்டியவன், இப்படித்தான் வந்து சேருவார்கள். பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் திணறும்போது கிளீனர் குதித்து இறங்கி, முக்கோணக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தோடு கூடவே ஓடவேண்டும். வண்டி நின்றுபோனால் அந்த நொடியே சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் சொருகவேண்டும். ஒரு நொடி தவறினால் அத்தனை டன்னும் பின்னால் உருளும். மழையில், இருட்டில், சறுக்குகிற ரோட்டில், வெறுங்காலோடு. அண்ணாச்சியும் அப்படிக் கட்டை பிடித்துத்தான் டிரைவர் ஆனவர். அவர் காலத்தில் கட்டை பிடித்த எத்தனையோ பையன்களுக்கு அவரிடம் கூப்பிடு பெயர்தான் இருக்கிறது. முழுப்பெயர் கம்பெனிச் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. அதுவும் அந்த எடையில் போய்விட்டது.

பழைய காகிதத்தைச் சேர்த்து வைப்பது வேலையற்றவர்கள் வேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்கவேண்டும். 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் தடத்தில் எந்த டிரைவரும் அந்தக் கணக்கில் வேலை பார்த்ததில்லை. அதையாவது விடலாம். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டினேன் என்று நிரூபிக்க அண்ணாச்சியிடம் ஒரு தாள் இல்லை. உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில் வேலை பார்த்ததற்குச் சான்று கேட்டார்கள். கம்பெனி இல்லை, பதிவேடு இல்லை, முதலாளிகளில் யாரும் உயிரோடு இல்லை. கையெழுத்துப் போட ஆளில்லாத விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். "நான் ஓட்டுனது நெசமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு தம்பி" என்றார். அதைக் கேட்டுவிட்டு என்னால் பதில் பேச முடியவில்லை.

பஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கதி வரவில்லை. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களில் பஸ் விட்டது, சதர்ன் ரோட்வேஸ் என்று பஸ்ஸும் லாரியுமாகப் பெருக்கியது, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது எரிவாயுக் கருவி செய்து வண்டி ஓட்டியது எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொடங்கியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். 1972-இல் தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டு பாண்டியன், சோழன், சேரன் என்று பெயர் வைத்தது. நல்லதோ கெட்டதோ, ஒரு தேதி இருக்கிறது, ஓர் ஆணை இருக்கிறது. லாரியை யாரும் அரசுடைமை ஆக்கவில்லை. அதனால் அதன் முடிவுக்குத் தேதியும் இல்லை. எங்கள் கம்பெனி மாதிரி நாலு ஊர், எட்டு ஊர் என்று ஓடிய கம்பெனிகள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. ஒவ்வொன்றாகப் போனது ஊரில் நாலு பேருக்குத்தான் தெரியும்.

எங்கள் கம்பெனி போனதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இரண்டு. திரும்பி வருகிற வண்டிக்கு லோடு கிடைத்தால்தான் லாரித் தொழிலில் காசு. போகும்போது கிடைக்கிற வாடகை டீசலுக்கும் பேட்டாவுக்கும் டயருக்கும் சரியாகப் போய்விடும். கொல்லத்திலிருந்து முந்திரியும் மிளகும் ரப்பர் ஷீட்டும் வந்தாலும், எங்கள் வண்டிகளுக்குப் பெரிய திரும்பு லோடு புனலூர் காகித ஆலையிலிருந்து சிவகாசி அச்சகங்களுக்கு வந்த பேப்பர்தான். 1888-இல் தொடங்கிய ஆலை அது. 1987-இல் மூடிவிட்டார்கள். அதன் பிறகு பல வண்டிகள் காலியாக மலை இறங்கின.

இரண்டாவது, பெர்மிட். பழைய சட்டத்தில் லாரி பெர்மிட் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை, பக்கத்து மாநிலத்துக்குப் போக அந்த மாநிலத்து அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும். கேரளாவுக்கு ஓட்டும் பெர்மிட் வைத்திருந்ததே கம்பெனிக்குச் சொத்து. 1975-இல் நேஷனல் பெர்மிட் வந்தது. 1988-இல் புதுச் சட்டம் போட்டு, 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் கெடுபிடி தளர்ந்தது. ஒற்றை லாரி வாங்கி ஓட்டுகிறவர்கள் பெருகினார்கள், புரோக்கர் ஆபீஸ்கள் பெருகின. கிளையும் கிளார்க்கும் குடோனும் வைத்துச் சில்லறைச் சரக்கைச் சேர்த்து ஓட்டுகிற கம்பெனியால் அந்த வாடகைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒற்றை லாரிக்காரர்களைப் பழிக்க மாட்டேன். அண்ணாச்சியின் தம்பி மகனும் அப்படி வாங்கி ஓட்டித்தான் இரண்டு பெண் பிள்ளைகளைக் கரையேற்றினான்.

சரி, இப்போதாவது ஒரு பழைய லாரியைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றலாம் என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை மூல வடிவம் மாறாமல் வைத்திருந்தால் 20,000 ரூபாய் கட்டித் தனிப் பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். படித்ததும் சந்தோஷப்பட்டேன். மேற்கொண்டு படித்தால் அது இருசக்கர வாகனங்களுக்கும் எம்1 வகைக்கும் மட்டும். எம்1 என்றால் டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மிகாமல் உட்காரும் வண்டி, அதாவது கார். சரக்கு வண்டி 'என்' வகையில் வருகிறது, அந்த வகை விதியிலேயே இல்லை. ஒரு மிராசுதார் பங்களாவில் நின்ற கார் ஐம்பது வயதானால் பாரம்பரியம். ஒரு மாவட்டத்துக்கே சோறு சுமந்த லாரி ஐம்பது வயதானால் அதற்கு ஒரு பெயரும் கிடையாது. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வயது தாண்டிய கனரக லாரிக்கு எஃப்.சி. கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். புகை கக்கிக்கொண்டு ஓடுகிற பழைய லாரியை நிறுத்தவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நிறுத்தட்டும். நான் கேட்பது ஓடவேண்டியதில்லாத ஒரே ஒரு லாரி. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு இஞ்சினைப் போட்டுக் காட்டினால் போதும்.

எண்ணூர் வண்டியின் முகப்பில் இருக்கிற லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயரில் இருக்கிற ஓர் ஊர். அந்த ஊரில் சரக்கு வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் என்றே 1983-இலிருந்து அருங்காட்சியகம் நடக்கிறது. லண்டனிலிருந்து பிரைட்டன் வரைக்கும் பழைய லாரிகளை ஓட்டிக்கொண்டு போகிற பழக்கம் 1962-இல் தொடங்கி நடக்கிறது. பேர் தெரியாத சின்னக் கம்பெனிகளின் லாரிகளைக்கூட அதே நிறம், அதே எழுத்தோடு திருத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது என்று சொல்வார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பணமில்லையா? லாரியால் எழுந்த ஊர்கள் அவை. தெருவுக்குத் தெரு லாரி முதலாளி. மனது வைத்தால் ஒரு மண்டபத்தை ஒதுக்கி, மரக் கேபின் வைத்த ஒரு பென்ஸையும் ஒரு காமெட்டையும் நிறுத்த முடியாதா? கேபின் கட்டிய தச்சர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, இப்படித்தான் கட்டினோம் என்று எழுதி வாங்கக்கூடவா முடியாது?

கம்பெனி வண்டிகள் எங்கே போயின என்று ஓர் அலுவலகத்தில் பழைய பதிவு எண்களைக் கொடுத்துக் கேட்டேன். அந்தக் காலத்துப் பதிவேடு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் அழித்தார்கள், எப்போது, யாரைக் கேட்டு என்பதற்குப் பதில் இல்லை. படம் தேடினேன். பங்காளிகள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அம்பாசடர் கார் இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது. அந்தக் காரையும் ஸ்கூட்டரையும் வாங்கிக்கொடுத்த லாரி ஒரு படத்திலும் இல்லை. கடைசியில் ராஜபாளையம் கிளையில் இருந்த ஒருவர் வீட்டில் ஆயுத பூஜைப் படம் ஒன்று கிடைத்தது. வண்டியின் இரண்டு பக்கமும் வாழைக் கன்று, முகப்பு முழுக்கச் செவ்வந்தி மாலை, பானட்டில் சந்தனம் குங்குமம், முன்னால் பூசணிக்காய், வரிசையாக ஆட்கள். கம்பெனி பெயர் எழுதிய இடத்தில் வாழை இலை. பதிவு எண்ணை மாலை மறைத்திருக்கிறது. நிற்கிறவர்களில் பாதிப் பேர் யாரென்று சொல்ல ஆளில்லை. ஓரத்தில் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எடைக்குப் போட்ட அன்றைக்கு மாடி அறையில் இருந்த ஒரு தகரப் பெட்டியைப் பேப்பர்காரர் பார்க்கவில்லை. பழைய பெர்மிட் புத்தகங்களும், சில வருஷத்து டிரிப் ஷீட்டுகளும், ஒரு சம்பளப் பதிவேடும் அதில் இருக்கின்றன என்று அப்பா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளப் பதிவேடு என்றால் அண்ணாச்சியின் பெயரும் அதில் இருக்கும். அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது செல்போன் கடை. மாடி பூட்டிக் கிடக்கிறது. சாவி மூத்த பங்காளியின் மகனிடம் இருக்கிறது. நல்ல மனிதர்தான், என்னைக் கண்டால் காப்பி வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். பெட்டியைப் பற்றிப் பேசினால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பழைய கணக்கு வெளியே வந்தால் பங்காளிகளுக்குள் சொத்துத் தகராறு கிளம்பும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. பெட்டியை நான் எடுத்துப் போகப்போவதில்லை, அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன், கணக்குத் தாளைத் தொடமாட்டேன், சம்பளப் பதிவேடு மட்டும் போதும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார், முடிந்தது. பேரனுக்குப் பரீட்சை என்றார், அதுவும் முடிந்தது. மாடியில் ஓடு இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாகச் செல்போன் கடைப் பையன் சொல்கிறான். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும். இப்போதெல்லாம் என் நம்பரைப் பார்த்தால் அவர் போனை எடுப்பதில்லை. நாளைக் காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு நேரிலேயே போய் நிற்கப்போகிறேன், அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு.